பாலும் பறவையும் இல்லாத நாடு
(நேரலை உரையின் எழுத்து வடிவம்)

இங்கே வின்னிபெக்கில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி. லண்டனில் மதியம் மூன்று. சிங்கப்பூரில் இரவு பதினொன்றுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தனி நன்றி. நான் இரவுப் பணி முடித்து வந்து குளித்துவிட்டு நேராக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கொட்டாவி வந்தால் அது தலைப்பின் குறை அல்ல.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு நாட்டின் தட்பவெப்பம், நில அமைப்பு, உயிரினங்கள். பள்ளிக்கூடப் புவியியல் பாடம் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த நாடு எந்த வரைபடத்திலும் கிடையாது. அதன் பெயர் கார்ஹைட். அது கெதென் என்ற கிரகத்தில் இருக்கிறது. இரண்டையும் உண்டாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின். நாவலின் பெயர் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்'. 'இருளின் இடக்கை' என்று வைத்துக்கொள்வோம். 1969-இல் வந்தது. அறிவியல் புனைவுக்கான ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் பெற்றது.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எடுப்பது பால் அடையாளத்தை. கெதென் மனிதர்கள் ஆணுமல்ல, பெண்ணுமல்ல. மாதத்தில் சில நாட்கள் மட்டும் இரண்டில் ஒன்றாக ஆவார்கள். ஒரே ஆள் ஒரு பிள்ளைக்குத் தாயாகவும் இன்னொரு பிள்ளைக்குத் தந்தையாகவும் இருக்கலாம். லெ குவின் அவர்களை ஆங்கிலத்தில் 'அவன்' என்ற சொல்லால் எழுதினார். அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அவரே பின்னாளில் அதைப் பற்றித் திரும்ப யோசித்து எழுதினார். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. நம்மிடம் 'அவர்' இருக்கிறது. நானும் அதையே சொல்லப் போகிறேன். ஆனால் இன்றைக்கு என் பேச்சு பால் அடையாளம் பற்றியது அல்ல. குளிர் பற்றியது. குளிரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதலில் நிலம். கெதென் ஒரு பனியுகத்தில் இருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் பெரும் பனிப்பாறைகள். நடுவில் ஒரு பட்டை நிலத்தில்தான் மனிதர் வாழ முடியும். அந்தப் பட்டையில் பெருங்கண்டத்தைப் பங்குபோட்டுக்கொண்டு இரண்டு நாடுகள்: மன்னர் ஆளும் கார்ஹைட், அதிகாரிகள் ஆளும் ஓர்கொரெய்ன். இரண்டுக்கும் வடக்கே கோப்ரின் என்ற பனிப்பரப்பு. வெளியிலிருந்து வந்தவர்கள் இந்தக் கிரகத்துக்கு வைத்த பெயரே 'குளிர்காலம்' என்பதுதான்.

பூமியில் பருவம் மாறுவதற்குக் காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பது. அதனால் வடக்கே குளிர் என்றால் தெற்கே கோடை. கெதெனில் அப்படி இல்லை. அந்தக் கிரகம் நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது. சூரியனை விட்டு விலகும்போது கிரகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் குளிர்காலம் வருகிறது. இதை வாசித்தபோது எனக்கு உடனே தோன்றியது, அங்கே டிசம்பரில் டிக்கெட் போட்டு நாகர்கோவிலுக்கு ஓடிவிட முடியாது என்பதுதான். குளிரிலிருந்து தப்பிப் போக இன்னொரு ஊர் அந்தக் கிரகத்திலேயே கிடையாது. ஒரே ஒரு வானியல் விவரத்தால் லெ குவின் ஒரு மக்கள் கூட்டத்தின் மனத்தை முடிவு செய்துவிட்டார். ஓட இடமில்லாதவர்களின் மனம் அது.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள வெளியே போய்க் கருவி தேட வேண்டியதில்லை. தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றைச் சொல்கிறது. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம். உரி என்பது அங்கே வாழ்கிற மனிதரின் உள்ளத்தில் நடப்பது. ஒரு கற்பனை நாடு நிற்குமா விழுமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. முதலிலிருந்து கரு வர வேண்டும். இரண்டோடும் உரி ஒட்ட வேண்டும்.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகளில் முதலாவது 1950-இல் வந்தது. எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் அதைப் படித்துக் காட்டியிருக்கிறேன். எனக்கும் பிடித்த கதை. நார்னியாவில் ஒரு சூனியக்காரியின் மந்திரத்தால் நூறு வருடமாகக் குளிர்காலம். கிறிஸ்துமஸே வருவதில்லை. அந்தக் குளிரில் பிள்ளைகள் ஒரு நீர்நாய்த் தம்பதியின் வீட்டுக்குப் போகிறார்கள். பீவர் என்று சொல்வோமே, அது. பொரித்த மீன், உருளைக்கிழங்கு, மஞ்சள் வெண்ணெய், பால், கடைசியில் பழப்பாகு வைத்த இனிப்பு என்று விருந்து நடக்கிறது. ஒரு பிள்ளை கை தூக்கிக் கேட்டது: "ஆண்ட்டி, நூறு வருஷமா பனின்னா மாடு எதைத் தின்னுச்சு?"

அந்தப் பிள்ளையிடம் பதில் இருந்தால் நீங்களும் கேளுங்கள். என்னிடம் இல்லை. லூயிஸுக்கு அந்தப் பதில் தேவைப்படவும் இல்லை. அவருடைய குளிர்காலம் ஒரு மந்திரம். மீட்பர் வந்ததும் உருகும். அதன் வேலை அவ்வளவுதான். அது தேவதைக் கதை. பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு கிடைத்தாக வேண்டும். லெ குவினின் குளிர்காலமோ யாருடைய பாவத்துக்கும் தண்டனை அல்ல. உருகவும் போவதில்லை. அதனால் அவர் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லியும் இருக்கிறார்.

கெதெனில் மாடு இல்லை. ஆடு இல்லை. இறைச்சிக்கு ஆகிற பெரிய விலங்கு எதுவுமே இல்லை. பால், தயிர், வெண்ணெய் என்ற சொற்களுக்கே அங்கே வேலை கிடையாது. முட்டை, மீன், கொட்டைகள், தானியம். இவ்வளவுதான் சத்து. கடுங்குளிருக்கு இது போதாத சாப்பாடு. அதனால் அவர்கள் அடிக்கடி சாப்பிடுகிறார்கள். நாளுக்கு நான்கு வேளை. இடையிலும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஓர்ஷ் என்று ஒரு சூடான பானம். இனிப்பும் புளிப்புமாக இருக்கும். அதில் வைட்டமின் சி நிறைய உண்டு என்று மறக்காமல் சொல்கிறார் ஆசிரியர். சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த வாய்க்குள் கோப்பையில் ஆடை போல உறைந்துவிடும் பனியை உடைப்பதற்கு.

இந்தக் கருவி வருகிற இடத்தில்தான் நான் அந்த நாட்டை நம்பினேன். ராஜாவின் அரண்மனையை வர்ணித்தபோது நம்பவில்லை. வின்னிபெக்கில் வீட்டு வாசலில் நிற்கிற கார்களின் முன்னாலிருந்து மின்சார வயர் தொங்குவதை முதல் குளிர்காலத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரவெல்லாம் எஞ்சினுக்குச் சூடு காட்டினால்தான் காலையில் வண்டி கிளம்பும். ஓர் ஊரின் குளிரை அறிய வெப்பமானியைப் பார்க்க வேண்டாம். அந்த ஊர்க்காரர் யோசிக்காமல் கையில் எடுக்கிற பொருளைப் பார்த்தால் போதும்.

சாலையும் அப்படியே. கார்ஹைட்காரர்கள் சாலையில் விழுந்த பனியை அள்ளி ஒதுக்குவதில்லை. உருளை ஓட்டி அழுத்தி, அதன் மேலேயே பயணம் செய்கிறார்கள். இதுவும் வெறும் கற்பனை அல்ல. மோட்டார் வண்டிகள் வருமுன் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி ஊர்களில் குதிரைகள் இழுக்கும் பெரிய மர உருளைகளால் பனியை அழுத்தித்தான் சறுக்கு வண்டி ஓட்டினார்கள். கார்ஹைட் வீடுகளுக்குக் குளிர்கால வாசல் என்று ஒன்று தரையிலிருந்து ஆளுயரத்துக்கும் மேலே இருக்கும். கீழ்வாசல் பனியில் புதைந்த பிறகு பயன்படுவது அது. அவர்களுடைய வண்டிகள் மணிக்கு 25 மைல் வேகத்தில் போகும். இன்னும் வேகமாக ஓட்டலாமே என்று கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்பார்கள்.

சொற்களையும் சொல்ல வேண்டும். தரையில் கிடக்கும் பனிக்கு மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட சொற்கள் அவர்களிடம் இருக்கின்றன. விழுந்துகொண்டிருக்கிற பனிக்கு வேறு பட்டியல். உறைந்த கட்டிக்கு வேறு. நமக்கோ 'பனி' என்று ஒரே சொல். ஆறு பெரும்பொழுதில் முன்பனி, பின்பனி என்று இரண்டைப் பனிக்கே கொடுத்த மொழிதான் நம்முடையது. ஆனால் அந்தப் பனி வேறு. "பனி கொட்டுது, தலையில துண்டு போடுடீ" என்று டிசம்பர் விடியலில் பஜனைக்குப் போகும்போது எங்கள் அம்மா சொல்லும் பனி அது. புல்லில் நிற்கிற நீர். இன்று நாம் அதே சொல்லால் நான்கு அடி உயரத்துக்குக் குவிந்து கிடப்பதையும் சொல்கிறோம், நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்து இடுப்பை முறிப்பதையும் சொல்கிறோம். எலும்பு முறிவுப் பிரிவில் வேலை செய்கிறவளுக்கு இரண்டும் ஒன்றல்ல.

சரி, மாடு இல்லை என்று பார்த்தோம். இன்னும் மூன்று இல்லைகள் இருக்கின்றன.

கெதெனில் பறவை இல்லை. சிறகுள்ள எதுவுமே இல்லை. அதனால் அந்த மக்களிடம் மோட்டார் வண்டி உண்டு, வானொலி உண்டு, விமானம் மட்டும் இல்லை. பறக்கிற ஒன்றைப் பார்த்தே இராதவருக்குத் தானும் பறக்கலாம் என்று ஏன் தோன்ற வேண்டும்? இதோடு லெ குவின் நிறுத்தவில்லை. அந்த நாட்டில் ஒரு மதம் இருக்கிறது. அதில் தேவதூதர்களும் உண்டு. அவர்களுக்கும் சிறகு இல்லை. மெல்லப் பனி விழுவது போல, காற்றில் விதை இறங்குவது போல, கீழே இறங்குகிறார்கள். சின்ன வயதிலிருந்து வெள்ளைச் சிறகு வைத்த காபிரியேலை கிறிஸ்துமஸ் நாடகத்தில் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு வருடம் அந்தச் சிறகைக் கட்டிக்கொண்டு நின்றும் இருக்கிறேன். நம்முடைய தேவதூதரின் தோளில் இருப்பது நம்முடைய ஊர்ப் பறவைகளின் சிறகு என்று அந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. கருப்பொருளில் தெய்வத்தையும் பறவையையும் ஒரே வரிசையில் வைத்தவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும்.

மூன்றாவது, பூ இல்லை. அந்த உலகத்தின் செடிகள் பூப்பதில்லை. நான்காவது, எறும்பும் தேனீயும் இல்லை. கூட்டமாக, ஒரே கட்டளைக்கு உழைக்கிற பூச்சி எதுவும் அங்கே கிடையாது. இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு ஆசிரியர் ஒரு யோசனையைப் போடுகிறார். எறும்பு இருந்திருந்தால் இந்த மக்கள் என்றைக்கோ எறும்பைப் பார்த்துப் பழகியிருப்பார்கள் என்று. ஓர்கொரெய்னில் இப்போது அதுதான் தொடங்குகிறது. அடையாள அட்டை, பதிவேடு, கேள்வி கேட்காத கீழ்ப்படிதல், உளவுப் போலீஸ், வடக்கே 'பண்ணை' என்ற பெயரில் சிறை முகாம். கார்ஹைட்டில் பூசல், பழிக்குப் பழி, கொலை எல்லாம் உண்டு, போர் மட்டும் நடந்ததில்லை. இப்போது ஓர் எல்லைப் பள்ளத்தாக்குக்காக இரண்டு நாடும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு காட்டின் பூச்சிப் பட்டியலிலிருந்து அரசியலுக்கு இவ்வளவு குறுகிய பாதை போட்ட இன்னொரு நாவலை நான் படித்ததில்லை.

இந்தத் திறமை லெ குவினுக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய அப்பா ஆல்ஃப்ரெட் க்ரோபர், கலிஃபோர்னியாவின் பூர்வகுடிகளிடையே வேலை செய்த மானுடவியலாளர். அம்மா தியடோரா க்ரோபர், இஷி என்ற பூர்வகுடி மனிதரின் வாழ்க்கையை 1961-இல் நூலாக எழுதியவர். ஒரு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதை வேட்டையாடுகிறார்கள் என்று கேட்பது அந்த வீட்டின் பழக்கம். குளிர் வேறு இடத்திலிருந்து வந்தது. அண்டார்டிகாவுக்குப் போன ஸ்காட், ஷாக்கிள்டன், செர்ரி-காரார்ட் போன்றவர்களின் நூல்களைப் பல வருடம் விரும்பிப் படித்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பயணங்களைக் கொஞ்சம் சொல்கிறேன், நாவலின் நடுப்பகுதி அப்போதுதான் விளங்கும். 1911 ஜூலையில், துருவ இரவின் முழு இருட்டில், எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி மூன்று பேர் போனார்கள். ஆப்ஸ்லி செர்ரி-காரார்ட் அவர்களில் ஒருவர். குளிர் மைனஸ் 60 டிகிரி வரை இறங்கியது. மூன்று முட்டைகளோடு உயிர் பிழைத்து வந்து, 1922-இல் அதை எழுதினார். ராபர்ட் ஸ்காட்டும் நான்கு பேரும் 1912 ஜனவரி 17 அன்று தென்துருவத்தை அடைந்தார்கள். திரும்பும் வழியில் ஐந்து பேரும் இறந்தார்கள். கடைசி மூன்று பேர் கிடந்த கூடாரத்துக்கும் அடுத்த உணவுக் கிடங்குக்கும் இடையே 11 மைல்தான். சறுக்கு வண்டியைத் தாங்களே இழுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒரு நாளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 4,500 கலோரி. அந்த வேலைக்கு அந்தக் குளிரில் 6,000-க்கும் மேல் வேண்டும் என்று இன்று தெரிகிறது. ஒவ்வொரு நாளும் உடம்பு தன்னையே எடுத்துச் சாப்பிட்டிருக்கிறது.

இருளின் இடக்கையில் இதே போல ஒரு பயணம் வருகிறது. கார்ஹைட்டின் முன்னாள் முதலமைச்சர் எஸ்த்ராவென், துரோகி என்று நாடு கடத்தப்பட்டவர். பூமியிலிருந்து வந்த தூதர் ஜென்லி ஆய். ஓர்கொரெய்னின் சிறைப் பண்ணையில் சாகக் கிடந்த ஆயை எஸ்த்ராவென் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். சாலை வழியே போனால் பிடிபடுவார்கள். ஆகவே யாரும் போகாத கோப்ரின் பனிப்பரப்பைக் கடந்து கார்ஹைட்டுக்குள் நுழைய முடிவு செய்கிறார்கள். இரண்டு பேர், ஒரு சறுக்கு வண்டி, ஒரு கூடாரம், ஓர் அடுப்பு. 800 மைல் அளவு தூரம். 80 நாட்களுக்கு மேல்.

இந்தப் பகுதியை ஒரு நர்ஸ் படிப்பது வேறு மாதிரி இருக்கும். நான் ஊரில் ஜி.என்.எம். டிப்ளமா படித்தபோது குளிர் எங்களுக்கு மருந்து. காய்ச்சலுக்கு ஈரத்துணி ஒற்றுவது, வீக்கத்துக்கு ஐஸ் பை வைப்பது. குளிரே நோயாக வரும் என்பது பாடத்தில் அரைப் பக்கம் இருந்திருக்கும். பரீட்சைக்கு வராது என்று அதைத் தாண்டிப் போவோம். இங்கே வந்த பிறகுதான் குளிரின் முறைகளைக் கற்றேன். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. நடுக்கம் நின்றுவிட்டால் நல்லதல்ல, மோசமாகிறது என்று பொருள். இன்னும் மோசமானால் சிலர் வெயில் அடிக்கிற மாதிரி உணர்ந்து தங்கள் சட்டையையே கழற்றுவார்கள். உறைந்த விரலைத் தேய்க்கக் கூடாது. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்து உருக்க வேண்டும். அது பயங்கரமாக வலிக்கும்.

எஸ்த்ராவென் இதையெல்லாம் அறிந்தவர் போல நடந்துகொள்கிறார். ஒவ்வொரு நாளும் எவ்வளவு சாப்பிடுவது, எத்தனை மைல் போவது, எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். ஸ்காட்டின் கதையைப் படித்த ஒருவர்தான் இந்தக் கணக்கை எழுத முடியும். ஓரிடத்தில் காற்றில் ஆயின் ஒரு கண்ணிமை உறைந்து மூடிக்கொள்கிறது. எஸ்த்ராவென் தன் மூச்சாலும் நாக்காலும் அதை உருக்கித் திறக்கிறார். கையால் தேய்க்கவில்லை, பாருங்கள். இரண்டு வரிதான் வருகிறது. அவர்களுக்குள் என்ன உறவு என்று அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னோர் இடத்தில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடுகின்றன. வெளிச்சம் நிறைய இருக்கிறது. ஆனால் நிழல் இல்லை. நிழல் இல்லாததால் எது மேடு, எது பள்ளம், எது பிளவு என்று தெரியவில்லை. ஓரடி வைக்க முடியவில்லை. மனிடோபாவில் ஜனவரியில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தத் திகைப்பு தெரியும். பாதை பார்க்க வெளிச்சம் மட்டும் போதாது, இருளும் வேண்டும் என்பதுதான் நாவலின் தலைப்பு. அந்தத் தத்துவத்துக்கு வேர் வானிலையில் இருக்கிறது.

இப்போது உரிப்பொருளுக்கு வருகிறேன். நான் உண்மையில் பேச வந்தது இதற்குத்தான்.

கார்ஹைட்டின் கிராமப்புறத்தில் விடுதி கிடையாது. தேவை இல்லை. வழிப்போக்கர் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் மூன்று இரவு தங்க இடம் தர வேண்டும் என்பது அங்கே நியதி. நடைமுறையில் அதற்கு மேலும் தங்கலாம். எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஆளை வரவேற்பது போல, ஆரவாரம் இல்லாமல் உள்ளே விடுவார்கள். வேதாகமம் படிக்கிறவர்களுக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 28-ஆம் அதிகாரம் ஞாபகம் வரலாம். கப்பல் உடைந்து மெலித்தா தீவில் பவுலும் மற்றவர்களும் கரையேறுகிறார்கள். மழையும் குளிரும். தீவுக்காரர்கள் முதலில் செய்வது தீ மூட்டுவது. பிறகு புபிலியு என்பவர் அவர்களை மூன்று நாள் வீட்டில் வைத்து உபசரிக்கிறார். கைதிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

இதைக் கேட்டதும், குளிர் மனிதரை நல்லவராக்கும் என்று யாராவது முடிவு கட்டிவிடலாம். நாவல் அப்படிச் சொல்லவில்லை. ஓர்கொரெய்னிலும் அதே குளிர்தான். அங்கே ஜன்னல் இல்லாத ஒரு லாரியில் கைதிகளை அடைத்து, நாள் கணக்கில் வடக்கே கொண்டு போகிறார்கள். போதிய தண்ணீர் இல்லை, கணப்பு இல்லை. வழியில் ஒருவர் இறந்தும் போகிறார். அதே லாரிக்குள்ளே, ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாத அந்தக் கைதிகள் இரவில் ஒட்டிப் படுத்து ஒருவருக்கொருவர் சூடு கொடுக்கிறார்கள். ஒரே குளிர், ஒரே லாரி. அனுப்பியவரிடம் ஒன்று, உள்ளே இருப்பவரிடம் வேறொன்று.

ஒரு ஜனவரியில் எங்கள் வார்டுக்கு ஒருவர் வந்தார். இரண்டு கையிலும் விரல்கள் வெள்ளை மெழுகு மாதிரி இருந்தன. பேருந்து நிறுத்தத்தில் படுத்திருந்தவர். குளிர்க்காயத்துக்கு ஒரு விதி உண்டு: மறுபடியும் உறைய வாய்ப்பிருந்தால் உருக்காதே. உருக்கிய விரல் இரண்டாம் தடவை உறைந்தால் முதலில் இருந்ததைவிடப் பெரிய சேதம். பனிமலை ஏறுகிறவர்களுக்காக எழுதப்பட்ட விதி அது. அன்று இரவு விரல்களை உருக்கிக் கட்டுப் போட்ட பிறகு, இவரை எங்கே அனுப்புவது என்ற கேள்வி வந்தது. ஒருவருக்கு ஓர் இரவு கூரை கிடைக்குமா என்பது சமூக சேவைப் பிரிவின் கவலை என்றுதான் பொதுவாக நினைப்போம். அந்த விதிப்படி அது மருத்துவக் கேள்வி. கதவு இல்லை என்றால் சிகிச்சையே காயமாகிவிடும். எங்கள் சமூக சேவகர் ஒவ்வோர் எண்ணாக அழைத்துக்கொண்டே இருந்தார். விடிகிற நேரத்தில் ஒரு படுக்கை கிடைத்தது. சில நாட்களுக்கு மட்டும்தான். அவர் கிளம்பும்போது கட்டுப் போட்ட கையால் எனக்குச் சலாம் வைத்தார்.

கார்ஹைட்டின் மூன்று இரவு நியதி எனக்கு அன்றுதான் புரிந்தது. அதைத் தாராள மனம் என்று நினைத்திருந்தேன். அது கணக்கு. இன்று நீ தட்டுகிறாய், நாளை நான் தட்டுவேன், வெளியே மைனஸ் 30. அந்தக் கணக்கைப் பல தலைமுறை சரியாகப் போட்டால் அதற்குப் பண்பாடு என்று பெயர் வந்துவிடுகிறது. கணக்கை மறந்த நாடு லாரி அனுப்புகிறது. நிலம் இரண்டையும் அனுமதிக்கிறது.

நாவலின் முடிவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படிக்காதவர்கள் மன்னிக்க வேண்டும். எஸ்த்ராவெனும் ஆயும் பனிப்பரப்பைக் கடந்துவிடுகிறார்கள். பசி, எரிமலைச் சாம்பல், பனிப் பிளவு, புயல் எதுவும் அவர்களைக் கொல்லவில்லை. கார்ஹைட்டுக்குள் வந்த பிறகு ஒரு நண்பர் காட்டிக் கொடுக்கிறார். நாடு கடத்தப்பட்ட எஸ்த்ராவென் எல்லையை நோக்கிச் சறுக்கிப் போகிறார். எல்லைக் காவலர் அவரைச் சுட்டுக் கொல்கிறார்கள். அவர் பிறந்த நாட்டின் காவலர்கள். இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களில் பலர் எல்லைகளைக் கடந்து வந்தவர்கள். சிலர் கடல் வழியே, சிலர் காடு வழியே, சிலர் என்னைப் போல ஒழுங்கான விசாவோடு. இயற்கை விட்டுவைத்தவரை எல்லை விட்டுவைக்காது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, எழுதுகிற நண்பர்களுக்கு ஒன்று. பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாம் திணை என்று நம்மில் பலர் சொல்லிப் பழகிவிட்டோம். அழகான சொல். ஆனால் நம் கதைகளில் பனி பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே விழுந்துகொண்டிருக்கிறது. உள்ளே இருக்கிறவர் ஊரை நினைத்துக்கொண்டிருக்கிறார். முதற்பொருள் வந்துவிட்டது, கருப்பொருள் இன்னும் வரவில்லை. இந்த நிலத்தின் பறவை எது? குளிர்காலத்திலும் போகாமல் தங்கிவிடுகிற சின்னஞ்சிறு சிக்கடீ இருக்கிறது, அதற்கு நாம் இன்னும் ஒரு தமிழ்ப் பெயர் வைக்கவில்லை. தொழில் எது? அதிகாலை நான்கு மணிக்குப் பனி அள்ளுகிற வண்டி ஓட்டும் நம் பையன்கள் இருக்கிறார்கள். உணவு எது? மைனஸ் 30-இல் குளிர்பதனப் பெட்டி நிறைந்துவிட்டதென்று பால்கனியில் வைக்கிற நம் மீன் குழம்பு இருக்கிறது. இவற்றை எழுதினால் உரிப்பொருள் தானாக வந்து உட்காரும். அது ஊரை நினைத்து ஏங்குவதாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. யார் கதவைத் தட்டினார்கள், யார் திறந்தார்கள் என்பதாகவும் இருக்கலாம்.

லெ குவின் 2018 ஜனவரியில், 88 வயதில் காலமானார். இல்லாத ஒரு நாட்டின் பனியை அவர் அவ்வளவு பொறுப்போடு எழுதினார். நாமோ உண்மையான பனியில் வாழ்கிறோம்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கை காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மாடு பற்றிய கேள்வியைத் தவிர எதற்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.